மோட்டார் பரவாயில்லை

தமிழ்மேல் ரொம்பப் பிரியம் வைத்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த மொழி காதில் விழுந்தாலும் அதற்குள் அவனுக்குத் தமிழ் கேட்கும். தெலுங்கில் ரெண்டு வார்த்தை கேட்டால் "அட, நம்ம வார்த்தைப்பா!" என்பான். மலையாளத்துக்காரர் இருமினால்கூட அதில் சங்ககாலத்து வாசனை அடிக்கிறது என்பான். இந்த வியாதியால் பொதுவாக யாருக்கும் சேதமில்லை, கூட இருப்பவர்களுக்குக் கொஞ்சம் தலைவலி, அவ்வளவுதான். நான்தான் அந்த வியாதியையும் கூட்டிக்கொண்டு ஒரு படகு வாங்கப் போனேன்.

எண்பதுகளின் தொடக்கம். திருமங்கலத்துக்காரனான என்னை வங்கிக்காரர்கள் பூனாவுக்குத் தூக்கிப் போட்டிருந்தார்கள். ராஸ்தா பேட்டில் ஒண்டுக்குடித்தனம். மனைவி வசந்தி பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா, அதாவது என் மாமா, வேலூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்து, தாபோடியில் ராணுவப் பட்டறையில் சேர்ந்து, ஃபோர்மேன் வரை உயர்ந்தவர்.

வசந்தியின் தமிழைக் கேட்டால் எனக்கு ரத்தக் கொதிப்பு வரும். "ஏங்க, சுட்டே பைசா இருந்தா குடுங்க" என்பாள். சில்லறைக்கு மராத்தியில் அப்படித்தான் சொல்வார்களாம். "பைசாவை எதுக்குடி சுடணும்?" என்று நான் ஆரம்பித்தால் அரைமணி நேரம் சொற்பொழிவு. "அரே, பஸ், விடுங்க! சில்லறை, சில்லறை, சில்லறை. போதுமா?" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள்.

என் மராத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை நான் வங்கிக் கவுண்டரில் கற்றேன். "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லத் தெரியும். "உத்யா யா", அதாவது "நாளைக்கு வாருங்கள்", என்று ரொம்ப நன்றாகச் சொல்லத் தெரியும். ஒரு குமாஸ்தாவுக்கு இந்த ரெண்டு வாக்கியம் போதும், ரிட்டயராகிற வரை ஓட்டிவிடலாம். நாளைக்கு அப்பால் எந்த வாடிக்கையாளரையும் நான் அனுப்பியதில்லை. அதனால் நாளைக்கு அடுத்த நாளை மராத்தியில் என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள அவசியம் வரவில்லை. இந்த ஒரு ஓட்டைதான் பிற்பாடு என்னைக் கவிழ்த்தது.

மாமா அதிகம் பேசாத மனுஷர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூண்டிலை எடுத்துக்கொண்டு தாபோடிப் பாலத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தால் மதியம் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். நானும் கூடப் போய் உட்காருவேன் (மீன் பிடிக்க அல்ல, வீட்டில் துணி பிழிவதிலிருந்து தப்பிக்க). ராணுவக் கல்லூரிப் பையன்கள் படகு வலித்துக்கொண்டு போவார்கள். அவர்கள் கண்ணுக்கு மறைகிறவரை மாமா பார்த்துக்கொண்டே இருப்பார்.

"நடுத்தண்ணில போட்டை நிறுத்தி தூண்டி போட்டா அது வேற மீனு மாப்ள" என்றார் ஒரு நாள். "இத்தினி வருசமா கரையிலயே குந்திகினு கீறேன். ஒரே ஒரு வாட்டி போட்ல போய் புடிச்சிப் பாக்கணும்."

அவர் வாயைத் திறந்து ஆசை என்று ஒன்றைச் சொல்லி நான் கேட்டது அது மட்டும்தான். எனக்குச் சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட்டார். கல்யாணமான புதிதில் மஞ்சள் காமாலை வந்து நான் படுத்தபோது, பட்டறை முடிந்து தினமும் சைக்கிளில் ராஸ்தா பேட்டுக்கு வந்து, மோரும் இளநீரும் கொடுத்து, என் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டுப் போனவர் அவர். சொந்த அப்பாவாக இருந்தால்கூட எனக்கு அவ்வளவு பிடித்திருக்குமா தெரியாது.

மாமா ரிட்டயரானார். அத்தை முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். வசந்தியின் அண்ணன், என் மச்சான், நாக்பூரில் ரயில்வேயில் இருந்தார். மாமா இனி அவரோடு. செவ்வாய்க்கிழமை ரயில், அதற்கு முதல்நாள் சாமான் லாரி. ஆகப் பூனாவில் அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் படகில் உட்கார வைத்தே தீருவது என்று நான் முடிவு கட்டினேன்.

கிசன்ராவ் அந்த நேரம் பார்த்துத்தான் என் கவுண்டருக்கு வந்து சேர்ந்தார். பிக்வண் பக்கத்துக் கிராமத்துக்காரர். அணை கட்டியதில் அவருடைய நிலத்தில் பாதி தண்ணீருக்கடியில் போய்விட்டது. வயல் இருந்த இடத்தில் இப்போது படகு விடுகிறார். அணை வேலை நடந்தபோது ஒரு தமிழ்க் காண்டிராக்டரின் சமையல் கொட்டகையில் வேலை பார்த்தாராம். என் மராத்தியைக் கேட்டதுமே பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "வணக்கம் அண்ணா! சாப்டாச்சா? சீக்கிரம் வா! பரவாயில்ல!" என்று தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். எனக்கு வேறு என்ன வேண்டும்! உருகிப்போனேன். பழைய சின்னப் படகு ஒன்று மோட்டாரோடு கொடுக்கிற யோசனை இருக்கிறது என்று அவர் கையைக் காலை ஆட்டிச் சொன்னபோது, கடவுளே ஆள் அனுப்பியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை அரைநாள் வங்கி முடிந்ததும் தீபாவளி போனஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிக்வணுக்கு ரயில் ஏறினேன். "நானும் வர்றேங்க, உங்களுக்கு மராத்தி நை சமஜ்தா, ஒண்ணும் புரியாது" என்றாள் வசந்தி. "அவரு தமிழ் பேசுறாரு. உன்னைவிடச் சுத்தமா" என்று சொல்லிவிட்டுத் தனியாகத்தான் போனேன். இந்த வாக்கியத்தை அவள் இன்னும் மறக்கவில்லை, வாரத்துக்கு ஒரு முறையாவது எனக்குத் திருப்பிச் சொல்கிறாள்.

படகு கரையோரம் ஒரு கருவேல மரத்தில் கட்டிக் கிடந்தது. மரப்படகு, அங்கங்கே தகரம் அடித்து ஒட்டுப் போட்டிருந்தது. நீலப் பெயின்ட். பின்பக்கம் சாக்குப் போட்டு மூடிய உருண்டையான ஒரு வஸ்து. மோட்டார்! எனக்கு மோட்டார் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் பிடிக்கவில்லை. சாக்கை விலக்கிப் பார்த்தால் ஏதாவது கேட்க வேண்டி வரும், கேட்டால் குட்டு உடைந்துவிடும். எனவே சாக்குக்கு மேலேயே கையை வைத்து, மாட்டுத் தரகன் மாட்டைத் தட்டுவதுபோல் தட்டிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. திருப்தி.

"மோட்டார் எப்படி?" என்றேன்.

கிசன்ராவ் சொன்னதை என் காதில் விழுந்தபடியே எழுதுகிறேன். "மோட்டர் பரவாயில்ல."

என்ன நேர்மை! விற்கிறவன் எவனாவது தன் சரக்கைப் பரவாயில்லை என்பானா? பிரமாதம் என்பான், ராஜா என்பான். இந்த மனிதர் பரவாயில்லை என்கிறார். சொன்ன வார்த்தையைக் கொஞ்சம் மென்று முழுங்கினார்தான். பாவம், சமையல் கொட்டகையில் கற்ற தமிழ், எழுத்து எழுத்தாகவா வரும்?

"துடுப்பு?" என்று கையால் தண்ணீரைத் தள்ளிக் காட்டினேன்.

"தே ஹி பரவாயில்ல."

(தே ஹி என்றால் அதுவும். என் மராத்தி அவ்வளவு மோசமில்லை, பார்த்தீர்களா.) துடுப்பு அவர் வீட்டில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். மோட்டார் இருக்கிறவனுக்குத் துடுப்பு எதற்கு? பணத்தைக் கையில் வைத்தேன். "உத்யா யேதோ, மாமாவோட" என்றேன். நாளைக்கு வருகிறேன் என்றதும் மனிதர் பதறிப்போனார்.

"உத்யா? அரே சாஹேப், உத்யா கசா? மோட்டர் பரவாயில்ல!" நாளைக்கு எப்படி என்கிறார்.

இத்தனை தன்னடக்கம் ஆகாது என்று எனக்குத் தோன்றியது. தோளில் தட்டி, "எனக்கும் பரவாயில்ல! எங்க மாமாவுக்கும் பரவாயில்ல!" என்று உரக்கச் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. "ஹாங், ஹாங்" என்று தலையாட்டினார். ரெண்டு பேரும் கைகுலுக்கி ரொம்ப சந்தோஷமாகப் பிரிந்தோம்.

ஞாயிறு காலை மாமாவைக் கூட்டிக்கொண்டு முதல் ரயிலில் கிளம்பினேன். கூடவே மாமாவின் சிநேகிதர், பாளையங்கோட்டைக்காரர், ரிட்டயரான ஹவில்தார் ஆசீர்வாதம். லைசென்ஸ் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. பிக்வணில் குளிர்காலத்தில் வாத்துகள் வந்து இறங்கும் என்று கேள்விப்பட்டு, "போட் இருக்குன்னா நம்ம வாத்து வேட்டைக்கே போயிரலாமே" என்று தானாக ஒட்டிக்கொண்டார். அந்தத் துப்பாக்கி அதுவரை சுட்டது ஒரே ஒரு தேங்காயை, அதுவும் திருஷ்டி கழிக்க வைத்த தேங்காயை.

மாமா இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி முகம். ரயிலில் பையைத் திறந்து தூண்டில் முள்களை எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். "இது வாளைக்கு. இது பெருசு வந்தா. பூனாவுல இதை வாங்கி வெச்சதோட சரி, கரையில இதுக்கு வேலை இல்ல மாப்ள" என்றார். அவ்வளவு பேசி நான் அவரைப் பார்த்ததில்லை.

கிசன்ராவ் வீடு பூட்டிக் கிடந்தது. அதனால் என்ன, படகு நம்முடையது! கரையில் மாமாவையும் ஆசீர்வாதத்தையும் நிற்க வைத்தேன். அங்கேயே சாக்கை விலக்கிப் பார்த்திருந்தால் விஷயம் கரையிலேயே முடிந்திருக்கும். எனக்கு விழா எடுக்க வேண்டியிருந்தது. "நான் முதல்ல ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு வந்து, நேரா உங்க காலடியில கொண்டாந்து நிறுத்துறேன் மாமா" என்றேன். தூண்டில்கள், புளிசாதத் தூக்கு, தண்ணீர்ப் பானை எல்லாவற்றையும் படகில் ஏற்றினேன். கயிற்றை அவிழ்த்தேன். கரையை ஒரு உதை விட்டேன். படகு நழுவிப் போனது. ரெண்டு பேருக்கும் கைகாட்டிவிட்டு, துணி விலக்கிச் சிலை திறக்கிற மந்திரியைப்போல் சாக்கை உருவினேன்.

உள்ளே இருந்தது திருகைக் கல்.

மேல்கல். நடுவில் தானியம் போடுகிற ஓட்டை, பிடிக்கு ஒரு ஓட்டை. ஒரு நிமிஷம் நான் அதை ஸ்டார்ட் பண்ணுகிற இடத்தைத் தேடினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

"என்ன மாப்ள, ஓடலியா?" என்றார் மாமா கரையிலிருந்து.

"மாமா... இது கல்லு மாமா!"

"இன்னாது?"

"கல்லு! மாவரைக்கிற கல்லு!"

துடுப்பு இல்லை. அன்றைக்கென்று காற்றும் கரையிலிருந்து உள்ளே அடித்தது. எனக்கு நீச்சல் தெரியாது. படகு என்னையும் கல்லையும் புளிசாதத்தையும் சுமந்துகொண்டு நிதானமாக நடுத்தண்ணீருக்குப் போக ஆரம்பித்தது. பதறி எழுந்து நின்றேன். படகு ஒரு ஆட்டம் ஆடியது.

"மாப்ள, எழுந்திரிக்காதீங்க! குந்துங்க! சும்மா குந்துங்க!" மாமா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். ஆசீர்வாதம் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். மாமாவுக்கும் நீச்சல் தெரியாது.

பிறகு நடந்ததை எங்கள் குடும்பத்தில் விதவிதமாகச் சொல்வார்கள். உண்மையில் எதுவுமே நடக்கவில்லை, அதுதான் கொடுமை. மத்தியானம் முழுக்க நான் நடுத்தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். தகர ஒட்டு ஒன்று கசிந்தது. புளிசாதத்தைத் தண்ணீரில் கொட்டிவிட்டுத் தூக்குச் சட்டியால் இறைத்தேன். புளிசாதத்துக்கு மீன்கள் வந்தன, பெரிய பெரிய மீன்கள், மாமா சொன்ன அந்த வேறு மீன்கள். தூண்டில்கள் என் காலடியில் கிடந்தன. மீன்களுக்குப் பின்னால் வாத்துகள் வந்தன. கூட்டம் கூட்டமாக வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தன. ஒரு வாத்து என்னைப் பார்த்த பார்வை, என் மேனேஜர் என்னைப் பார்க்கிற பார்வை.

கரையிலிருந்து ஆசீர்வாதத்தின் குரல் கேட்டது. "ஏ மருமவனே! கொஞ்சம் தள்ளிப் போயேம்ப்பா! நீ வாத்துக்கு நடுவுல உக்காந்திருந்தா நான் எப்படிச் சுடுதது?"

"தள்ளிப் போக முடிஞ்சா கரைக்கு வந்துர மாட்டேனா!" என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமா மட்டும் கரையை விட்டு அசையவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஈர வேட்டியோடு, சாப்பாடு இல்லாமல், தூண்டில் இல்லாமல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வப்போது கையைத் தூக்கிக் காட்டுவார். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று அர்த்தம். பூனாவில் அவருடைய கடைசி ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் போனது.

சாயங்காலம் லாரி டியூப்பில் மிதந்து வலை போடுகிற ஒரு மீன்காரர் வந்து என்னை இழுத்துக்கொண்டு போய்க் கரையில் விட்டார். நான் இறங்கியதும் மாமா தன் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினார். "வசந்திக்கு இன்னா பதில் சொல்வேன்னு இருந்துச்சி மாப்ள" என்றார். அதற்குள் இருட்டப் பார்த்தது. தூண்டில் போட நேரமில்லை, ரயிலுக்கு ஓட வேண்டும்.

ரயிலில் ஆசீர்வாதம் கிசன்ராவைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் அவருக்கு மேலே திட்டினேன். களவாணிப் பயல், கல்லை வைத்து ஏமாற்றிவிட்டான், அவன் தமிழ் பேசினபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்! மாமா தூண்டில் முள்களைப் பையில் வைத்துக் கட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை சாமான் ஏற்ற உதவுவதற்காக அரைநாள் லீவு சொல்லிவிட்டு வங்கியை விட்டுக் கிளம்புகிறேன், வாசலில் கிசன்ராவ்! தோளில் கோணிப்பை. அதிலிருந்து இரும்பு எட்டிப் பார்க்கிறது. கையில் புது மரத் துடுப்புகள். "வணக்கம் அண்ணா! சாப்டாச்சா?" என்று சிரிக்கிறார். நான் அவர் சட்டையைப் பிடித்து "சோர்!" என்று கத்தினேன். திருடன் என்பதற்கு மட்டும் எனக்கு மராத்தி தங்குதடையில்லாமல் வந்தது. பியூன் ஓடி வந்து விலக்கிவிட்டான்.

மாமா முன்னால் வைத்து அவரை விசாரித்துவிடுவது என்று பஸ்ஸில் ஏற்றி, மோட்டாரோடும் துடுப்போடும் தாபோடிக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் நான் முறைக்க, அவர் என்னைப் பைத்தியமோ என்று பார்த்தார். குவார்ட்டர்ஸ் வாசலில் லாரி நின்றது. வசந்தி ரெண்டு பேரையும் நிறுத்தி, அவரிடம் மராத்தியில் கேட்டாள், என்னிடம் தமிழில் கேட்டாள். திரும்ப அவரிடம் கேட்டாள். அப்புறம் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, அவரு பரவாயில்லன்னு சொல்லவே இல்ல! பர்வா யேயில்! பர்வான்னா நாளான்னிக்கி. யேயில்னா வரும். மோட்டார் நாளான்னிக்கி வரும்னு சொல்லிகீறாரு!"

"துடுப்பு?"

"அதுவும் நாளான்னிக்கி வரும்னு! நீங்க நாளைக்கே வர்றேன்னு சொன்னதும் பயந்துட்டாராம். அப்புறம் நீங்களே 'பர்வா யேயில்'னு சத்தமா சொன்னீங்களாம். சரி, நாளான்னிக்கி பேங்குல கொண்டாந்து குடுத்தா போதும்னு நிம்மதியா போய்ட்டாராம்."

மோட்டார் பக்கத்து ஊரான தௌண்டில் மெக்கானிக்கிடம் இருந்திருக்கிறது. வாங்குகிறவருக்குக் குறை இருக்கக் கூடாது என்று அதைச் சரிபார்த்து எடுத்துவரவே கிசன்ராவ் ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். துடுப்பு தச்சரிடம் புதிதாகச் செய்யச் சொன்னது. மோட்டார் இல்லாத நேரத்தில் பின்பக்கம் லேசாகிப் படகு காற்றில் சுற்றக் கூடாது என்றுதான் கல். அந்த மனிதரின் சட்டையைத்தான் நான் நடுரோட்டில் பிடித்திருக்கிறேன். கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து இறக்கி, "பரவாயில்ல அண்ணா" என்றார். இந்தத் தடவை அது தமிழ்.

மாமா இதையெல்லாம் கேட்டாரா என்றே தெரியவில்லை. அவர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணியை மெதுவாக விலக்கினார். மூடியைத் தொட்டார், விசிறியைச் சுற்றிப் பார்த்தார். "நல்ல சரக்கு" என்றார். வாழ்நாளெல்லாம் பட்டறையில் இருந்தவர், சும்மா விடுவாரா? லாரியில் ஏற்ற வைத்திருந்த தண்ணீர் டிரம்மை உருட்டி வரச் சொன்னார். குழாயடியில் அதை நிரப்பி, விளிம்பில் மோட்டாரை மாட்டித் திருகினார். கயிற்றை ஒரே இழுப்பு.

புடுபுடுவென்று மோட்டார் பிடித்துக்கொண்டது. டிரம் தண்ணீர் சுழன்று பொங்கி நாலாபக்கமும் அடித்தது. வசந்தி நனைந்தாள், நான் நனைந்தேன், லாரி டிரைவர் நனைந்தான், கட்டி வைத்த மெத்தை நனைந்தது. மாமா மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தெறித்த தண்ணீரைத் துடைக்காமல், இடமும் வலமுமாகத் திருப்பினார். எங்கோ தூரத்தில் பார்த்துக்கொண்டு திருப்பினார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மாமா மோட்டாரை நிறுத்தினார்.

மறுநாள் ரயிலடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அது உங்க போட் மாமா. நீங்க எப்ப வந்தாலும் தயாரா இருக்கும்" என்றேன்.

"பத்திரமா வெச்சிருங்க மாப்ள. அடுத்த குளிர்காலம் வர்றேன்" என்றார்.

அடுத்த குளிர்காலம் அவருக்குக் கண் ஆபரேஷன். அதற்கடுத்து பேரனுக்கு அம்மை. நானும் ஆரம்பத்தில் பிக்வணுக்குப் போய்ப் படகைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்புறம் போவது குறைந்தது. மழைக்காலத்தில் பலகை ஊறி வளைந்துவிட்டது, இனி ஏரியில் விட முடியாது என்று கிசன்ராவ் வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார். கடைசியில் அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். மோட்டாரை அவர் வேறு படகில் மாட்டிக்கொண்டார். பழைய படகு அவர் தொழுவத்தில் எருமைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியானது. மாமா வருகிறபோது நல்லதாக வேறொன்று வாங்கிக்கொள்ளலாம், இப்போது சொல்லி அவர் மனதை ஏன் கஷ்டப்படுத்த வேண்டும் என்று நானாக நினைத்துக்கொண்டு, அவருக்கு எழுதவில்லை. அவர் கடிதங்களில் "போட் சௌக்கியமா?" என்று கேட்பார். சௌக்கியம் என்று எழுதினேன்.

அவர் வரவில்லை. நாக்பூரில் ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

காரியம் முடிந்த மறுநாள் மச்சான் என்னை நடக்கக் கூட்டிப்போனார். அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அம்பாஜரி ஏரி. கரையோரம் வாடகைப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. எல்லாவற்றிலும் துடுப்பு இருந்தது.

"அப்பா தெனம் சாயந்திரம் இங்கதான்" என்று ஒரு சிமென்ட் பெஞ்சைக் காட்டினார் மச்சான். "தூண்டிய எடுத்துகினு வந்து குந்திப்பாரு."

"படகுல போய்ப் பிடிச்சாரா?" என்று கேட்டேன்.

"எங்க மாப்ள! நான் எத்தினி வாட்டி கூப்ட்டேன் தெரியுமா? வா நைனா, ஒரு ரவுண்டு போலாம்னு கெஞ்சுவேன். 'சொந்தமா போட் வெச்சிகீறவன் எவனாச்சும் வாடகை போட்ல ஏறுவானாடா? பூனாவுல நமக்கு போட் கீது, மாப்ள பத்திரமா வெச்சிகீறாரு'ன்னுடுவாரு. படகுக்காரங்க கிட்டல்லாம் சொல்லி வெச்சிருந்தாரு."

நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அங்கேயே மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எருமைத் தொட்டி உட்பட. அவர் முதலில் சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கை வறண்டாலும், "கவலை எதுக்கு, பூனாவுல நமக்கு போட் இருக்கு!" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். மாமாவைப் பார்த்தே இராத பிள்ளைகள்கூடச் சொல்கின்றன. எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். போட் போய்விட்டது மாமா என்று ஒரே ஒரு கார்டு போட்டிருந்தால் போதும், மறுநாளே வாடகைப் படகில் ஏறியிருப்பார் மனுஷர்.